சுவரில் எழுதிய தீர்மானம்

தமிழ்நாட்டில் மரபுக் கட்டடம் என்று சொன்னதும் கோபுரமும் கோட்டையும் அரண்மனையும் நினைவுக்கு வருவது இயல்பே. கல்லையும் சுண்ணாம்பையும் பெருமளவில் திரட்டிக் கட்டும் ஆற்றல் இங்கே நெடுங்காலம் கடவுளின் பேராலும் அரசனின் பேராலும் மட்டுமே கைகூடியது. இவ்விரண்டிலும் அடங்காத ஒரு வகைக் கட்டடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் ஊர்களில் எழத் தொடங்கியது. கருவறையும் கொலுமண்டபமும் இல்லாமல், ஊரார் கூடிப் பேசவும் கேட்கவும் முடிவெடுக்கவும் என்றே எழுந்த அக்கட்டடத்தை மக்கள் டவுன்ஹால் என்றே அழைத்தனர். எழுத்துத் தமிழ் அதற்கு நகர்மன்றம் என்ற சொல்லைத் தந்தது. மன்றம் என்பது ஊர் நடுவே, பெரும்பாலும் ஒரு மரத்தடியில், எல்லோரும் கூடும் வெளியைக் குறித்த பழஞ்சொல். நகர்மன்றம் என்ற இன்றைய சொல் ஒரு கட்டடத்தையும், அதற்குள் கூடும் உறுப்பினர்களின் அவையையும் ஒருசேரக் குறிப்பது கவனிக்கத்தக்கது. கட்டடம் வேறு, அதில் நடந்த பேச்சு வேறு என்று மொழி பிரித்துப் பார்க்கவில்லை. மரபைப் பேணும் நம் சட்டங்களும் திட்டங்களும்தாம் பிரித்துவிட்டன. அந்தப் பிரிவினால் இழக்கப்படுவது என்ன என்பதே இக்கட்டுரையின் கவலை.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியிலிருந்து இக்கேள்வியைத் தொடங்குவது பொருத்தமானது, ஏனெனில் அவ்வூரின் மரபாகப் பேசப்படுபவை அனைத்தும் ஆண்டவர்கள் விட்டுச்சென்றவை. கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த இந்நகரம் பதினேழாம் நூற்றாண்டில் மராட்டிய வழியினரான ஜாகிர்தார்களின் ஆளுகைக்கு வந்தது. ஜாகிர் என்பது படைப்பணிக்கோ நிர்வாகப் பணிக்கோ ஈடாக ஒரு நிலப்பகுதியின் வருவாயை ஒருவருக்கு விட்டுக்கொடுக்கும் முறை. அவ்வாறு பெற்றவர் ஜாகிர்தார். இங்கே 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சு ஆதரவு பெற்ற ராசா சாகிபின் படையும் மோதின. 1782 ஜூனில் மைசூரின் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் இதே ஊர்ப்புறத்தில் போரிட்டனர். ஊருக்கு அருகே சத்தியவிஜயநகரத்தில், அதாவது மக்கள் வழக்கில் எஸ்.வி. நகரத்தில், ஜாகிர்தார்களின் அரண்மனை நிற்கிறது. பூசிமலைக்குப்பத்துக் காட்டுப் பகுதியில் அவர்களுடைய மற்றொரு மாளிகை சிதைந்து கிடக்கிறது. அந்த மாளிகையைச் சுற்றி உலவும் காதல் கதைகளே இன்று அதைப் பார்க்க இளைஞர்களை ஈர்க்கின்றன. ஆரணியின் மரபு பற்றி எழுதப்படும் குறிப்புகளைப் புரட்டினால் போர், ஜாகிர், காதல் என்ற இந்த மூன்றுக்கு அப்பால் அவை அரிதாகவே செல்கின்றன. தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்த பல தலைமுறையினர் அவற்றில் புடவையாக மட்டுமே தோன்றுகின்றனர், ஊர்க்காரராகத் தோன்றுவதில்லை.

ஆயினும் ஆரணியின் கோட்டை இன்று ஆண்டவர்களின் இடம் அன்று. கைலாசநாதர் கோயிலும் வேம்புலி அம்மன் கோயிலும் கோட்டையின் பெயரோடு சேர்த்தே வழங்கப்படுகின்றன. அரசு அலுவலகங்கள் அங்கு இயங்குகின்றன. கோட்டை மைதானம் என்று ஊரார் சொல்லும் திறந்தவெளியில் விழாக்களும் கூட்டங்களும் நடைபெறுகின்றன. படையெடுப்பைத் தடுக்க வெட்டிய அகழிக்கு உட்புறம், மனு கொடுக்கவும் பத்திரம் பதியவும் கூட்டம் கேட்கவும் யாரும் நுழையலாம் என்ற நிலை உருவானது சிறிய மாற்றமன்று. விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கிய நகர மண்டபங்கள் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் வாய்த்தன. ஆரணியில் அந்தப் பொதுப் புழக்கத்தில் ஒரு பங்கைப் பழைய கோட்டையே ஏற்றுக்கொண்டது. பகைவரை வெளியே நிறுத்தவே கட்டப்பட்ட ஓர் அரண், உள்ளே வரவேற்கும் இடமாக மாறியது. அந்த மாற்றத்துக்குத் தேதியிட்ட கல்வெட்டு எதுவும் வைக்கப்படுவதில்லை.

ஒரு கட்டடத்தின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதை முறைப்படி பகுத்துப் பார்த்தவர்களில் முன்னோடி ஆஸ்திரியக் கலை வரலாற்றறிஞர் அலோய்ஸ் ரீகல். நினைவுச் சின்னங்கள் குறித்து 1903இல் அவர் எழுதிய ஆய்வில் மூன்று மதிப்புகள் இங்கே முக்கியமானவை. மழையும் வெயிலும் பட்டு மங்கிய சுவரைக் கண்டதும், அதன் வரலாறு தெரியாதவருக்கும் எழுகின்ற உணர்வைச் சார்ந்தது முதுமை மதிப்பு. அது சிதைவையும் அழகின் பகுதியாகவே ஏற்கிறது. ஒரு காலகட்டத்தின் சான்றாகக் கட்டடத்தைக் காண்பது வரலாற்று மதிப்பு. சான்று அழியக்கூடாது என்பதால் அது சிதைவை நிறுத்தக் கோருகிறது. இன்றைய தேவைக்குக் கட்டடம் உதவுவது பயன் மதிப்பு. கூரை ஒழுகக்கூடாது, மின்விளக்கு வேண்டும், முதியவர் ஏறச் சாய்தளம் வேண்டும் என்று அது கேட்கிறது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும் என்பதே ரீகலின் கூர்மையான கண்டுபிடிப்பு. கோயிலுக்கும் கோட்டைக்கும் இப்பகுப்பு நன்றாகவே பொருந்துகிறது. நகர்மன்றத்துக்கு வரும்போது அது சற்றுத் தடுமாறுகிறது. மக்கள் வந்து புழங்கியதே அக்கட்டடத்தின் வரலாறு என்பதால், அங்கே பயன் மதிப்பை வரலாற்று மதிப்பிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. புழக்கம் நின்ற நாளில் அதன் வரலாறும் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற சிற்றூரில் 1979இல் வகுக்கப்பட்ட பர்ரா சாசனம், அழகியல், வரலாறு, அறிவியல் ஆகியவற்றோடு சமூக மதிப்பு என்ற ஒன்றையும் சேர்த்து, ஓர் இடத்தோடு ஒரு மக்கள் கூட்டத்துக்குள்ள பிணைப்பும் பாதுகாக்கத்தக்கதே என்று ஏற்றது. நம் நாட்டுச் சட்டம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. தொன்மைச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டு வயதை வாசலில் நிறுத்திக் கேட்கிறது. 2012இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு மரபுசார் ஆணையச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2024இல்தான்.

டவுன்ஹால்கள் எழுந்த சூழலையும் மறந்துவிடக்கூடாது. 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானம், நகரங்களின் தெருவிளக்கையும் குடிநீரையும் துப்புரவையும் அவ்வவ்வூர்ப் பிரதிநிதிகளே கவனிக்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தது. 1884இல் மதராஸ் மாகாணத்தில் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. வரி செலுத்துவோருக்கு மட்டுமே வாக்கு, பெண்களுக்கும் ஏழைகளுக்கும் இடமில்லை என்ற குறுகிய வாசல்தான் அது. இருந்தும், மாவட்டக் கலெக்டர் கையெழுத்திட்டால் போதும் என்றிருந்த இடத்தில், ஊர்க்காரர்கள் வாதிட்டுத் தீர்மானம் நிறைவேற்றும் பழக்கம் அதன் வழியேதான் நுழைந்தது. அந்தப் பழக்கத்துக்கு ஒரு கூரை தேவைப்பட்டபோது, மகாராணியின் 1887ஆம் ஆண்டுப் பொன்விழா நல்வாய்ப்பாக அமைந்தது. பெயரை அரசிக்குக் கொடுத்து, நிதியை ஊரில் திரட்டி, மண்டபத்தைத் தங்களுக்காக எழுப்பிக்கொண்டனர். பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துக் காலனியச் சின்னம் என்று இவற்றை ஒதுக்குவோர், பணம் கொடுத்தவரையும் உள்ளே பேசியவரையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றனர்.

கோயம்புத்தூர் டவுன்ஹால் 1892இல் கட்டிமுடிக்கப்பட்டது. சேலம் பகடால நரசிம்மலு நாயுடு போன்ற ஊர்ப்பெரியவர்களின் முயற்சி அதன் பின்னணியில் இருந்தது. சிறுவாணித் தண்ணீரைக் கோவைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடியவரும் அவரே என்பது, மண்டபமும் குடிநீரும் ஒரே அக்கறையின் இரு முகங்கள் என்பதைக் காட்டுகிறது. மாநகராட்சி மாமன்றம் அதே மண்டபத்தில் கூடும் வழக்கம் நீடித்ததால், அதன் பெயர் கட்டடத்தை விட்டு இறங்கிக் கடைவீதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் பரவி ஒரு பகுதியின் பெயராகவே நிலைத்துவிட்டது. மதுரையின் விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் நூலகமும் ரீகல் திரையரங்கும் ஒரே வளாகத்தில் இயங்கின. படிக்க வந்தவரும் படம் பார்க்க வந்தவரும் ஒரே படிகளில் ஏறி இறங்கினர். சென்னையின் விக்டோரியா பொது மண்டபம் இவற்றினும் பெரியது. விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு 1883 டிசம்பரில் அடிக்கல் நாட்ட, ராபர்ட் சிசம் வரைந்த வடிவத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டினார். மாநகராட்சி நிலத்தை, மனை ஒன்றுக்கு எட்டணா வீதம் 99 ஆண்டுகளுக்கு மண்டபத்தின் அறக்கட்டளை குத்தகைக்குப் பெற்றது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே உரையாற்றினார்; பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் நடத்தியது; 1916 நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் உருவான வரலாற்றோடும் அம்மண்டபத்தின் பெயர் இணைத்தே பேசப்படுகிறது. துறவியும் நடிகரும் அரசியலாளரும் ஒரே மேடையில் ஏற முடிந்தது என்பதே இங்கு முதன்மையான செய்தி. கோயில் மண்டபத்திலோ அரண்மனைக் கொலுவிலோ இது நடந்திருக்க இயலாது. பின்னர் அம்மண்டபம் பல்லாண்டுகள் பூட்டிக் கிடந்தது. பூட்டிய காலத்தில் அதன் சிவப்புச் செங்கல் அப்படியேதான் இருந்தது, ஆனால் நகரத்துக்கு அது இல்லாமல் போயிருந்தது.

இவ்வகைக் கட்டடங்களின் உடலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அக்கறையோடு செய்யப்படும் பழுதுபார்ப்பே இவற்றைக் கொல்வது அடிக்கடி நிகழ்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய சுவர் உயிருள்ளது போன்றது. நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஈரம் உள்ளே புகுந்தாலும் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடுகிறது. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைத்த கொத்தனார்கள் இதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். மெட்ராஸ் டெரஸ் என்ற கூரையோ, தேக்கு விட்டங்களின் மேல் சிறிய செங்கற்களைக் குத்துவாக்கில் மூலைவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிச் செய்வது. இத்தகைய சுவரில் விரிசல் கண்டதும் சிமெண்ட் பூசிவிட்டால், வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து, செங்கல் மாவாக உதிர்கிறது. பழைய அலுவலகச் சுவர்களின் அடிப்பகுதி இடுப்புயரத்துக்கு ஊறிப்போய்த் தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டடத்தின் முதுமை அன்று, அண்மைக்காலச் சிமெண்ட் பூச்சு. தறியில் இழை அறுந்தால் அதே முறுக்கும் அதே கனமும் உள்ள இழையைத் தேடி முடிச்சிடும் நெசவாளருக்கு இதை விளக்கவே வேண்டாம். பொருந்தாத இழை துணியைச் சுருக்கிவிடும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

உடல் முழுவதும் போய்விட்டால் மதிப்பு எஞ்சுமா என்ற கேள்விக்குப் புதுச்சேரி ஒரு விடையைத் தந்துள்ளது. கடற்கரைச் சாலையில் 1870களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மேரி கட்டடம் பிரெஞ்சுக்கால நகராட்சியின் இருப்பிடம். பிறப்பும் திருமணமும் இறப்பும் அங்கே பதிவேறின. பராமரிப்புக்காகக் காத்திருந்த அக்கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழைக்கிடையே இடிந்து விழுந்தது. பழைய வடிவத்தைப் பின்பற்றி அதே இடத்தில் எழுப்பிய புதிய கட்டடம் 2021இல் திறக்கப்பட்டது. ரீகலின் அளவுகோலில் அதற்கு முதுமை மதிப்பு சிறிதும் இல்லை. ஒவ்வொரு கல்லும் புதியது. ஆனால் அங்கே பதிவான திருமணங்களின் வழியே அவ்விடத்தோடு பிணைக்கப்பட்ட குடும்பங்களுக்கு, கடலைப் பார்த்து நின்ற அந்த முகப்பு மீண்டும் நிற்பது பொருளற்றதன்று. அம்முகப்பைக் காட்டிலும் அப்பதிவேடுகள் முக்கியமானவை என்று ஒருவர் வாதிட்டால், அதை மறுப்பதும் எளிதன்று.

சுவரும் பதிவேடும் பிரியாமல் நின்ற அரிய இடம் ஒன்று ஆரணியிலிருந்து வந்தவாசி வழியே கிழக்கே சென்றால் வருகிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள், ஊர்ச்சபைக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளைச் சபை கூடிய மண்டபத்தின் சுவரிலேயே பொறித்துவைத்தன. குடவோலை என்பது தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்யும் முறை. வரிகட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது என்று தகுதிகள் வகுக்கப்பட்டன. கணக்குக் காட்டத் தவறியவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், ஆகவே அந்தச் சபையில் ஊரின் உழவருக்கும் கைவினைஞருக்கும் பெண்களுக்கும் இடமில்லை. அதைக் குடியாட்சியின் பொற்காலமாகப் போற்றுவது வரலாற்றுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஆயினும், தாங்கள் எடுத்த முடிவைத் தாங்கள் கூடும் சுவரிலேயே எழுதி, பின்னால் வருவோர் தங்களைக் கேள்வி கேட்கக்கூடிய நிலையை அவர்களே உண்டாக்கிக்கொண்டனர். மண்டபம் பிற்காலத்தில் வைகுண்டப் பெருமாள் கோயிலாக மாறியது. சபை மறைந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்விடம் சபையாகவே அறியப்படுவதற்குக் காரணம் அதன் தூண்களின் அழகு அன்று. சுவர் தாங்கிய தீர்மானமே.

இந்த வெளிச்சத்தில் ஆரணிக்குத் திரும்பினால், அவ்வூரின் நகர்மன்றத்தைத் தேட வேண்டிய இடம் கோட்டை மட்டுமல்ல என்பது புலப்படும். நெசவு ஊரில் பொதுவெளி என்பது தொழிலோடு பின்னிக் கிடக்கிறது. சேலம், திருச்செங்கோடு பக்கத்தில் பாவடி என்ற பெயரில் நெசவாளர்களுக்குப் பொதுவான திறந்தவெளிகள் உண்டு. பாவு என்பது தறியில் நெடுக்காக ஓடும் இழைத்தொகுதி, அதை நீட்டிக் கஞ்சியிட்டுக் காயவைக்கத் தேவைப்பட்ட நீண்ட நிலம் பின்னர் திருவிழாவுக்கும் ஊர்க்கூட்டத்துக்கும் மன்றமாகியது. பட்டு நெசவு ஊர்களில் அதே வேலையைத் தெருவே செய்தது. விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டி, அண்டை வீட்டாரும் வந்து இழை பிரித்துக் கொடுக்க, கூலி உயர்வும் பட்டு நூல் விலையும் அங்கேயே பேசப்பட்டன. கடன் கூட்டுறவுக்கு 1904ஆம் ஆண்டுச் சட்டமும், கைத்தறி நெசவாளர்களின் மாகாணக் கூட்டுறவுச் சங்கமாக 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் வந்த பிறகு, அந்தத் தெருப்பேச்சுக்கு ஒரு கட்டடம், ஒரு பதிவேடு, ஒரு வாக்கு கிடைத்தன. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரவைக் கூட்டம் நடக்கும் கூடத்துக்குத் தூணோ கோபுரமோ கிடையாது. நூல் கட்டுகளும் எடைத்தராசும் இருக்கும் அறைக்குப் பக்கத்திலுள்ள எளிய கூடம் அது. ஆயினும் அதுவரை நகராட்சித் தேர்தலில் வரி செலுத்தாதவராக ஒதுக்கப்பட்ட கூலி நெசவாளர், ஒரு பங்கு வாங்கியதன் வழியே முதலாளிக்குச் சமமாகக் கை தூக்கிய இடம் அதுவே.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. ஓர் ஊரில் உருவாகும் பொருளின் தனித்தன்மையை அவ்வூரின் பெயரோடு சட்டப்படி பிணைக்கும் ஏற்பாடு அது. புடவைக்குக் கிடைத்த அந்த ஏற்பு, புடவையை நெய்தவர்கள் கூடிப் பேசிய இடங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை அன்று. எஸ்.வி. நகரம் அரண்மனையைச் சீரமைப்பதும் பூசிமலைக்குப்பம் மாளிகையின் சுவர்களைத் தாங்கிப்பிடிப்பதும் தேவையானவையே; கோட்டைப் பகுதியின் பழைய சுவர்களுக்குச் சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்பே பூசுவதும் அவசரமானது. அவற்றோடு, ஊரின் பொதுக்கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக்குறிப்பு தயாராகும்போது, கட்டிய ஆண்டு, பாணி, பரப்பளவு என்ற வழக்கமான பத்திகளுக்கு அடுத்து, இங்கு யார் எதற்காக வந்தனர், யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டனர், என்ன முடிவெடுத்தனர் என்ற பத்தியும் சேர வேண்டும். உத்திரமேரூரில் அதைச் சுவர் சொல்கிறது. நம் காலத்துக் கூடங்களின் சுவர்கள் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கப்படுவன. அவை எதையும் சொல்ல மாட்டா. சொல்லவேண்டியது முழுவதும் இரும்பு அலமாரிகளின் கீழ்த்தட்டில், துணி அட்டை போட்ட நீளமான தீர்மானப் புத்தகங்களில் இருக்கிறது. கட்டடம் இடம் மாறும்போது முதலில் எடைக்குப் போவதும் அவையே.

எந்தப் பழைய கூட்டுறவுச் சங்கத்திலும் அத்தகைய புத்தகம் ஒன்றின் பக்கம் ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருக்கும்: மேலே கூட்டம் நடந்த நாளும் இடமும், நடுவே நூல் கொள்முதல் பற்றியோ கூலி பற்றியோ கூரை ஓடு மாற்றுவது பற்றியோ ஒரு தீர்மானம், அதன் முடிவில் ஏகமனதாக நிறைவேறியது என்ற வரி, அதற்குக் கீழே வரிசையாகக் கையொப்பங்கள், எழுதத் தெரியாதவர் பெயருக்கு நேரே நீல மையில் இடது கட்டைவிரலின் ரேகை.